பவளத் தொட்டிக்கு எந்தப் பம்ப்?

செண்பகத்தோப்பு ஓடையில் தண்ணீர் பாறைகளில் மோதி விழும்போது ஆக்சிஜன் நீரில் கலக்கிறது. வீட்டில் வைக்கும் கடல்நீர்த் தொட்டியில் இந்த வேலையைச் செய்வது சுழற்சிப் பம்ப். அது நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே மீன்கள் திணறத் தொடங்கும்.

பம்ப் வாங்கும் முன் எக்செல்லில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். என் தொட்டி 90 x 45 x 45; அதாவது 182 லிட்டர். பவளத் தொட்டியில் மணிக்கு 20 மடங்கு நீராவது சுழல வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனவே சுமார் 3,600 லிட்டர் தேவை. ஒரே பம்பைவிட, எதிரெதிர் மூலையில் 1,800 லிட்டர் பம்ப் இரண்டு வைப்பது நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்.

இரண்டும் சேர்ந்து 10 வாட் எடுத்தால் மாதம் 7.2 யூனிட் ஆகும்.

மின்வெட்டின்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, யுபிஎஸ்ஸில் ஒரு பம்பை மட்டும் ஓட்டலாம். ஆனால் விலை குறைந்த யுபிஎஸ் தரும் சதுர அலை மின்சாரத்தில் ஏசி பம்ப் இரைச்சலிட்டுச் சூடாகும். அடாப்டருடன் வரும் டிசி பம்ப் இதற்கு ஏற்றது. பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

வயர் பிளக்கிற்குக் கீழே வளைந்து தொங்கட்டும். வழியும் நீர் பிளக்கிற்குள் போகாது.

மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளத்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். 2001 முதல் பவளப் பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செயற்கைப் பாறைகளே போதும்.