டீன் ஏஜ் பிள்ளைகளோடு காட்டுக்குள் ஒரு டிரிப்... கிளம்பும் முன் இதைப் படிங்க!

'மறுபடியும் ஊட்டியா?' என்று லீவு டிரிப் பேச்செடுத்ததும் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குகிறார்களா? இந்த முறை காட்டுக்குள் நடக்க அழைத்துப் போகலாம். ஆனால், திட்டமிடல் முக்கியம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது.

அனுமதி: வனத்துறை அனுமதியின்றி காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் ஆன்லைனிலேயே முன்பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் எனப் பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். முதல் முறை என்றால் எளிதான பாதையே போதும். 18 வயதுக்குட்பட்டோருக்கான விதிமுறைகளை முன்பே படித்துவிடுங்கள்.

காலம்: காட்டுத்தீ அபாயத்தால் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை பாதைகளை மூடுவது வழக்கம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டைத் தொல்லை அதிகம்.

பை: முழுக்கால் பேன்ட், வழுக்காத ஷூ, தண்ணீர், முதலுதவிப் பொருள்கள். அட்டை கடித்தால் பிடுங்கி இழுக்காமல், நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டுக் கழுவுங்கள்.

பொறுப்பு: பாதையைத் தேர்ந்தெடுப்பது, பட்ஜெட் போடுவது, பை அடுக்குவது எல்லாம் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். காட்டுக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பாதி வழியில் வழிகாட்டி 'திரும்பலாம்' என்றால், மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிட வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் பேசி முடிவு செய்யுங்கள். மலை எங்கேயும் போய்விடாது. அடுத்த லீவுக்கும் அங்கேயேதான் இருக்கும்!