அலுவலகங்கள் தமக்குள் பேசினால்: சேவைசார் கட்டமைப்பும் இணையச் சேவைகளும்

அடையாள அட்டையைத் தொலைத்த ஒருவர் புதிய அட்டை எடுப்பதற்கு முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். பிறகு பிறப்புச் சான்றிதழின் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகத்தின் மேலொப்பம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கவேண்டும். இந்த அலுவலகங்களில் கணினிகள் இருக்கின்றன. அவர் கையில் காவித் திரியும் விபரங்களில் பெரும்பாலானவை ஏதோவோர் அரச பதிவேட்டில் ஏற்கெனவே பதியப்பட்டவை. ஆனாலும் ஒரு பதிவேட்டில் உள்ளதை இன்னொன்றிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது விண்ணப்பதாரியின் கால்கள்தான். பலமுறை இடம்பெயர்ந்து, கட்டிவைத்த ஆவணங்களைப் பதுங்குகுழிக்குள்ளும் வழியிலும் விட்டுவிட்டு வந்த எமது மக்களுக்கு இந்த நடை எவ்வளவு நீளமானது என்று விளக்கத் தேவையில்லை.

இதே சிக்கல் பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்குள்ளும் உண்டு. ஒரு வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வைப்புக் கணக்கு மென்பொருள் ஒரு காலத்தில் எழுதப்பட்டது, கடன் பிரிவினுடையது வேறொரு காலத்தில், கைத்தொலைபேசிச் செயலி நேற்று. எழுதியவர்களும் வேறு, எழுதிய கணினி மொழிகளும் வேறு. ஆனால் வாடிக்கையாளர் ஒருவரே. இவற்றை எப்படிப் பேசவைப்பது?

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, ஒரு மென்பொருள் மற்றதன் தரவுத்தளத்தை நேரடியாகத் திறந்து வாசிப்பது. அயல்வீட்டுக் குசினிக்குள் கேட்காமல் புகுந்து உப்பு எடுப்பது போன்றது இது. சில நாள் வசதியாக இருக்கும். வீட்டுக்காரர் உப்புப் போத்தலை இடம்மாற்றிய அன்று சமையல் நின்றுவிடும். இரண்டாவது வழி, எல்லாவற்றையும் ஒரே பெரிய தரவுத்தளத்தில் கொட்டுவது. அப்படியான திட்டங்கள் இலகுவில் முடிவதில்லை. முடிந்தாலும், அந்த ஒரு பூட்டை உடைப்பவருக்கு எல்லாமே கிடைத்துவிடும்.

மூன்றாவது வழியைத்தான் சேவைசார் கட்டமைப்பு என்கிறார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் தரவைத் தானே வைத்திருக்கும். வெளியார் எவரும் உள்ளே வரமுடியாது. ஆனால் வாசலில் ஒரு சாளரம் இருக்கும். ‘இன்ன கேள்வியை இந்த வடிவத்தில் கேட்டால், இந்த வடிவத்தில் பதில் தருவேன்’ என்ற அறிவித்தல் அதில் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே யாவா மொழியா வேறெதுவுமா, தரவுத்தளத்தை நேற்று மாற்றினார்களா என்பதெல்லாம் கேட்பவருக்குத் தேவையில்லை. அறிவித்தல் மாறாதவரை எல்லாம் ஓடும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பலர் இதைத் தெரியாமலே பயன்படுத்தியிருக்கக்கூடும். வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை நிகழ்நிலையில் புதுப்பிக்கும்போது, காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் செல்லுபடியாகின்றனவா என்பது உரிய நிறுவனங்களின் பதிவுகளுடன் கணினி வழியாகவே சரிபார்க்கப்படுகிறது. அனுமதிப்பத்திரம் வழங்கும் முறைமை காப்புறுதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைக் கையில் எடுப்பதில்லை. ஒரு வாகன இலக்கத்தைச் சொல்லி, ஒரு பதிலைப் பெறுகிறது. அவ்வளவே. அந்தப் பதிலுக்காக நீங்கள் இரண்டு கடதாசிகளைக் கொண்டு வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது.

இந்த ஒழுங்கை மிகக் கடுமையாக நடைமுறைப்படுத்திய நிறுவனம் அமேசன். 2002ஆம் ஆண்டளவில் ஜெப் பெசோஸ் தன் பொறியியலாளர்களுக்குப் பிறப்பித்த கட்டளையை, அங்கே முன்னர் பணியாற்றிய ஸ்ரீவ் யேகி 2011இல் எழுதிய குறிப்பு ஒன்றின் மூலம்தான் உலகம் அறிந்தது. ஒரு குழு இன்னொரு குழுவின் தரவைத் தொடவேண்டுமானால் அக்குழு திறந்துவைத்த சேவைச் சாளரத்தின் ஊடாக மட்டுமே தொடலாம். பின்கதவுகள் எவையும் கூடாது. ஒவ்வொரு சாளரமும் நாளை வெளியாருக்கும் திறக்கக்கூடிய தரத்தில் கட்டப்படவேண்டும். மீறினால் வேலை போகும். புத்தகம் விற்ற நிறுவனம் 2006இல் தன் சேமிப்பிடத்தையும் கணினி வலுவையும் ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடத் தொடங்கியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

சேவைசார் கட்டமைப்பு என்பது ஒரு சிந்தனை முறை. அதை இணையத்தின் வழியே நடைமுறைப்படுத்தும் கருவிதான் இணையச் சேவை. ஓர் இணையத்தளத்தை மனிதர் வாசிக்கிறார், இணையச் சேவையை இன்னொரு கணினி வாசிக்கிறது. வித்தியாசம் அதுதான். மனிதர் என்றால் பக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தாலும் ஊகித்துக்கொள்வார். கணினி ஊகிக்காது. எனவே எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளவேண்டும்.

அதற்காக எழுந்த முக்கியமான நியமங்கள் இரண்டு. கேள்வியையும் பதிலையும் எந்த உறையில் இட்டு அனுப்புவது என்று சொல்வது சோப். சாளரத்தில் ஒட்டப்படும் அறிவித்தலை எப்படி எழுதுவது என்று சொல்வது டபிள்யூ.எஸ்.டி.எல். இரண்டும் எக்ஸ்.எம்.எல். எனும் குறிப்பு முறையில் எழுதப்படுபவை. வாகன உதாரணத்துக்கே திரும்பினால், அறிவித்தலில் இப்படியான விபரங்கள் இருக்கும்: கேள்வியின் பெயர் ‘காப்புறுதி உள்ளதா’. கேட்பவர் தரவேண்டியது வாகன இலக்கம், அது எழுத்தும் எண்ணும் கலந்தது. பதிலாக வருவது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’, அத்துடன் முடிவுத் திகதி. திகதியில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். பிழையான இலக்கம் தந்தால் இன்ன பிழைச் செய்தி. தோன்றுவதை விட இது பெரிய விடயம். 03/04 என்பது ஏப்ரல் மூன்றா மார்ச் நான்கா என்ற குழப்பத்தால் எத்தனையோ முறைமைகள் தடுமாறியிருக்கின்றன.

இந்த இடத்தில் இலங்கைக்கு உண்மையான ஒரு தொடர்பு இருக்கிறது. 2001 மார்ச்சில் வெளியான டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 ஆவணத்தை எழுதிய நால்வரில் ஒருவர், அப்போது ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த சஞ்ஜீவ வீரவரண. அவர் நாடு திரும்பி, 2005இல் வேறு சிலருடன் சேர்ந்து டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரின் முதலிரு எழுத்துகள் ‘வெப் சேர்விசஸ்’ என்பதன் சுருக்கம், ஓ2 என்பது ஒட்சிசன். அதற்கு முன்னரே அக்சிஸ்2 என்ற திறந்த மூல இணையச் சேவை இயந்திரத்தை உருவாக்குவதில் இலங்கைப் பொறியியலாளர்கள் பெரும்பங்கு வகித்திருந்தனர். மேற்கு நாட்டு நிறுவனங்களின் முறைமைகளைத் தமக்குள் பேசவைக்கும் மென்பொருள் கொழும்பில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஓமந்தைச் சோதனைச்சாவடியில் எமது மக்கள் கடதாசி அனுமதிப்பத்திரங்களுடன் வரிசையில் நின்றார்கள். அது அந்தப் பொறியியலாளர்களின் குற்றமல்ல. தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் மட்டும் அது ஒருவருக்கு உதவிவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சோப்பின் பொற்காலம் நீடிக்கவில்லை. பாதுகாப்புக்கு ஒன்று, நம்பகத்தன்மைக்கு ஒன்று, பரிவர்த்தனைக்கு ஒன்று என நியமங்கள் குவிந்து, ஒரு சிறு கேள்வியைக் கேட்பதற்கே பெரிய பொதி கட்டவேண்டியதாயிற்று. உலகின் இணையச் சேவைகளை எல்லாம் பட்டியலிடும் பொதுப் பதிவேடு ஒன்றை ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட், எஸ்.ஏ.பி. ஆகியவை நடத்திப் பார்த்து, 2006 ஜனவரியில் மூடின. ரோய் பீல்டிங் 2000ஆம் ஆண்டில் தன் ஆய்வேட்டில் விபரித்த ரெஸ்ட் முறையும், ஜேசன் என்ற இலகுவான எழுத்து வடிவமும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று உங்கள் கைத்தொலைபேசிச் செயலிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் பேசுகின்றன. இளைஞர்கள் ஏ.பி.ஐ. என்று சொல்வது இந்தச் சாளரத்தைத்தான். பெயரும் உறையும் மாறினாலும், ‘உன் தரவு உன்னிடம், கேள்வி சாளரத்தில்’ என்ற அடிப்படை மாறவில்லை. வங்கிகளிலும் அரச நிறுவனங்களிலும் சோப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மென்பொருள் கற்கும் எமது பிள்ளைகள் அதைப் பழையது என்று முற்றாகத் தள்ளிவிடவேண்டியதில்லை.

ஒரு நாடே இந்த முறையில் இயங்கமுடியும் என்பதைக் காட்டியது எஸ்தோனியா. சுமார் 13 இலட்சம் மக்களைக் கொண்ட, 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட சிறிய நாடு. 2001இல் அங்கே எக்ஸ்-ரோட் என்ற தரவுப் பரிமாற்றத் தளம் இயங்கத் தொடங்கியது. அதில் மையத் தரவுத்தளம் என்று ஒன்று இல்லை. குடிசனப் பதிவேடு, வரித் திணைக்களம், மருத்துவக் காப்புறுதி எல்லாம் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் ஒரு பாதுகாப்புச் சேவையகம் நிற்கும். வெளியேறும் ஒவ்வொரு செய்தியிலும் அது இலத்திரனியல் ஒப்பமிட்டு, குறியாக்கம் செய்து, பதிவும் செய்துகொள்ளும். கேட்டவர் யார், எப்போது கேட்டார் என்பதைப் பின்னர் எவரும் மறுக்கமுடியாது. ஒரே தகவலைத் திரட்ட இரண்டாவது தரவுத்தளம் அமைப்பதை அந்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. அதாவது, அரசு ஒருமுறை கேட்ட விபரத்தை மீண்டும் உங்களிடம் கேட்காமல், தனக்குள்ளேயே தேடிப் பெறவேண்டும். அடுத்து பின்லாந்தும் இதே தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டது.

இனி எம்மைப் போன்றவர்கள் கூர்ந்து பார்க்கவேண்டிய பகுதி. சாளரத்தில் ஒட்டப்படும் அறிவித்தலில் இல்லாத எதையும் அந்தச் சாளரத்தினூடாகச் சொல்லமுடியாது. எனவே அதை எழுதுபவருக்கு யாருடைய வாழ்க்கை தெரிந்திருக்கிறது என்பது முக்கியம்.

பெயரையே பாருங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை மட்டும் வைத்த வடிவமைப்பில், தந்தையின் பெயரை முன்னால் வைக்கும் எமது வழக்கம் எங்கே போய் உட்காரும்? ஒருவர் பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒருவிதமாகவும், கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்தில் இன்னொருவிதமாகவும் இருப்பார். மனித உத்தியோகத்தர் பார்த்துச் சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளலாம். கணினி ‘ஆள் வேறு’ என்று பதிலனுப்பும். எழுத்துருவும் அப்படித்தான். தமிழுக்கு யுனிகோட்டில் 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எமது பகுதிகளில் நீண்டகாலம் தட்டச்சு செய்யப்பட்டது பாமினி எழுத்துருவில். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்த எழுத்துரு இல்லாத மற்றொரு முறைமைக்கு அப்பதிவு போய்ச் சேரும்போது உங்கள் தந்தையின் பெயர் வாசிக்கமுடியாத குறிகளாகவே விழும். பழைய பதிவுகளை யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதை ஆள் வைத்துச் சரிபார்க்காமல் இணைப்பு வேலையைத் தொடங்குவது வீண்.

இதைவிடக் கனமானது இன்னொன்று. ஒரு குடிசனப் பதிவுச் சேவையை வடிவமைப்பவர், ஆளின் நிலைக்கு ‘உயிருடன் உள்ளார்’, ‘இறந்துவிட்டார்’ என்ற இரண்டு பெறுமதிகளை மட்டும் எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதுவதற்கு அரை நிமிடம் ஆகாது. அந்தச் சாளரத்தில், காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் எதைத் தெரிவுசெய்வார்? மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக மறுத்துவந்தன. அதன் பின்னர்தான் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், காணாமற்போன ஒருவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழிவிட்டது. போராடிப் பெற்ற அந்த மூன்றாவது நிலை சட்டப் புத்தகத்தில் இருந்து, வங்கியும் ஓய்வூதியத் திணைக்களமும் காணிப் பதிவகமும் கேட்டுப் பதில்பெறும் சேவையில் இல்லாவிட்டால், அந்தத் தாய் மறுபடியும் ஒவ்வொரு கருமபீடமாக நின்று விளக்கவேண்டியவராவார். பெறுமதிப் பட்டியலில் மூன்றாவது சொல் ஒன்றைச் சேர்ப்பது தொழில்நுட்ப ரீதியில் மிகச் சிறிய வேலை. வடிவமைக்கும் மேசையில் அதைச் சொல்ல ஒருவர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மறுபுறமும் ஒன்றுண்டு. பதிவு என்றாலே எமது மக்களுக்கு அச்சம் வருவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பொலிஸ் பதிவு, இராணுவப் பதிவு, முகாம் பதிவு என்று எழுதிக்கொடுத்துக் களைத்தவர்கள் நாம். அலுவலகங்கள் தமக்குள் பேசத் தொடங்கினால், வைத்தியசாலைக்குச் சொன்னது வேறு யாருக்குப் போகும் என்ற கேள்வி நியாயமானது. இதற்கும் சேவைசார் கட்டமைப்பில் விடை இருக்கிறது, ஆனால் அது தானாக வருவதில்லை. எந்தச் சாளரத்தில் யார் எதைக் கேட்கலாம் என்பதைச் சட்டமும் அனுமதிப் பட்டியலும் தீர்மானிக்கவேண்டும். கேட்டவரின் பதிவு அழியாமல் இருக்கவேண்டும். எஸ்தோனியப் பிரசை ஒருவர் அரச இணைய வாசலுக்குள் நுழைந்து, தன் விபரங்களை எந்த நிறுவனம் எப்போது பார்த்தது என்பதைத் தானே பார்வையிடலாம். காரணமின்றிப் பார்த்திருந்தால் கேள்வி எழுப்பலாம்.

இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் பின்னர் பிற்போடப்பட்டது. இந்திய உதவியுடனான டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இன்னொரு பக்கத்தில் நகர்கிறது. அந்த அட்டையைச் சுற்றி எத்தனை சாளரங்கள் திறக்கும், அவற்றை யார் யார் தட்டலாம், தட்டியவரின் பெயரை அட்டைக்காரர் பார்க்கமுடியுமா என்பவற்றை எமது பிரதிநிதிகள் இப்போதே கேட்கலாம். அறிவித்தல் ஒட்டப்பட்டு, பத்துத் திணைக்களங்கள் அதைப் பின்பற்றத் தொடங்கிய பிறகு ஒரு சொல்லை மாற்றுவதற்குப் பத்து இடங்களிலும் மென்பொருளைத் திருத்தவேண்டியிருக்கும்.