சாலைக் குறிகள்

ஊருக்குப் புதியவராய் வருவோர்க்கு முதலில் வேண்டுவது வழி. உணவும் உறையுளும் பின்னர்த் தேடிக்கொள்ளலாம். அவற்றைத் தேடிச் செல்வதற்கும் வழி தெரிதல் வேண்டுமன்றோ? ஆண்டுதோறும் கல்லூரியிற் சேர வரும் மாணாக்கர் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, கையிற் பெட்டியும் முகத்தில் ஐயமுமாய் நிற்பதை நாம் கண்டு வருகின்றோம். அவர்க்கு வழி கூறுவோர் இரு திறத்தார். வாய் திறந்து பேசும் ஊரார் ஒரு திறத்தார். வாய் திறவாது நிற்கும் பலகையும் கல்லும் மற்றொரு திறத்தன. இவ்விரு திறமும் ஒத்துப் பேசினால் வழிப்போக்கன் பிழைத்தான். மாறுபடப் பேசினால் அலைந்தான். சிற்சில வேளைகளில் உயிரையும் இழந்தான். இக்குறிகள் எவ்வாறு பேசுகின்றன, எங்கே நம்மை மயக்குகின்றன என்பனவற்றைத் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் சான்றாகக் கொண்டு ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

பண்டைக் காலத்தில் சாலைக்குப் பலகை இல்லை. ஆயினும் குறி இல்லாமலில்லை. நிழல்மரம் ஒரு குறி. சத்திரம் ஒரு குறி. தலைச்சுமையை இறக்கி இளைப்பாறுதற்கு நட்ட சுமைதாங்கிக் கல் மற்றொரு குறி. 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் தம் பேரனுக்காக ஆட்சி புரிந்த இராணி மங்கம்மாள் திருச்சியிலிருந்தே நாட்டை ஆண்டார். சாலை அமைத்து, மரம் வைத்து, சத்திரம் கட்டிய அவர் பெயர் தென்னாட்டில் 'மங்கம்மாள் சாலை' என்று இன்றும் வழங்குகின்றது. அக்காலத்து வழிப்போக்கன் எழுத்தறியாதவனாயினும், மரத்தைக் கண்டால் நிழலென்றும், கல்லைக் கண்டால் தோளுக்கு ஓய்வென்றும் அறிந்தான். குறிக்கு இலக்கணம் இதுவே: காண்பவன் எவனாயினும் அவனுக்குப் பொருள் விளங்குதல் வேண்டும்.

திருவரங்கத்து வீதிகளோ தாமே திசை காட்டுவன. மதிலுக்குள் மதிலாய் ஏழு திருச்சுற்றுக்கள் கோயிலைச் சூழ்ந்து நிற்க, புறச் சுற்றுக்களில் மக்கள் குடியிருக்கின்றனர். உள்ளே உத்திர வீதிகள் நான்கு. அவற்றைச் சூழ்ந்து வெளியே சித்திரை வீதிகள் நான்கு. ஒவ்வொன்றும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்னும் அடைமொழி பெறும். 'கீழச் சித்திரை வீதி' என்று ஒருவர் கூறிய மாத்திரத்தில், கோயிலுக்குக் கிழக்கே என்பதும், உத்திர வீதிக்கு அப்பால் என்பதுமாகிய இரு செய்திகள் கிடைத்துவிடுகின்றன. தெற்கு வாயிலில் 1987இல் நிறைவெய்திய 236 அடி உயரமுள்ள இராசகோபுரம் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் திசையைத் தெரிவிக்கும். ஆயினும் 'கீழ' என்பது கிழக்கு, 'மேல' என்பது மேற்கு என்று அறியாத புதியவர் ஒருவர், 'கீழ வீதிக்கு இறங்கிச் செல்லவேண்டுமோ?' என்று நம்மை வினவியதுண்டு. எத்துணைச் சீரிய முறையாயினும் அதன் திறவுகோலை அறியாதார்க்கு அது பூட்டிய கதவே.

இத்தகைய முறையொன்றினை நாடு முழுமைக்கும் வகுக்கும் எண்ணத்துடன் 2010ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்களை வழங்கிற்று. வடக்குத் தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். அவை கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்லப் பெருகும். கிழக்கு மேற்காக ஓடுவனவற்றிற்கு ஒற்றைப்படை எண்; அவை வடக்கிலிருந்து தெற்கே வரவரப் பெருகும். மூன்று இலக்க எண் கிளைச்சாலையைக் குறிக்கும். அதன் கடையிரண்டு இலக்கங்களே தாய்ச்சாலையின் எண். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலை 336 எனப்பட்டது. அது விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சை, புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்குச் செல்லும் 36ஆம் சாலையின் கிளை என்று எண்ணே உரைக்கின்றது. சாத்திரம் அழகிதே!

ஆனால் மாற்றத்தின் இடர் நம் நகரத்தார்க்கே மிகுதி. முன்னர்ச் சென்னையிலிருந்து திருச்சி வரையிலும் 45 என்னும் ஓர் எண்ணைப் பற்றிக்கொண்டு வந்தால் வழி தவறாது. இப்போது அவ்வழியே திண்டிவனம் வரையில் 32, அங்கிருந்து விழுப்புரம் வரையில் 132, அதன்பின் 38 என்று மூவெண் கொண்டுள்ளது. அந்த 38ஓ சென்னையை அறியாது. வேலூரிற் புறப்பட்டுத் திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி செல்வது. திருச்சிக்குத் தெற்கே திண்டுக்கல் செல்லும் பழைய 45ஆம் சாலை 83 ஆயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வழியாகக் கோவை சென்ற பழைய 67ஆம் சாலையும் இங்கேயே இரண்டாயிற்று. கிழக்கே தஞ்சைப் பக்கம் 83, மேற்கே கரூர்ப் பக்கம் 81. பழைய எண்ணையே நாவிற் கொண்ட ஓட்டுநர் ஒருவரும், புதிய எண்ணையே கண்ட இளைஞர் ஒருவரும் வழி பேசப் புகுந்தால், ஒரே சாலையைப் பற்றி இருவரும் வெவ்வேறு சாலை என்று வழக்காடுவர்.

எண் மறந்தார்க்கு வண்ணம் துணை செய்யும். சாலையோரக் கல்லின் தலை மஞ்சளாயின் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. பலகைகளின் வடிவமும் அவ்வாறே ஒரு மொழி. வட்டம் கட்டளை, மீறலாகாது. முக்கோணம் எச்சரிக்கை, முன்னே வளைவோ பள்ளியோ உண்டு. நீண்ட நாற்கோணம் செய்தி. மருத்துவமனையோ உணவகமோ அருகிலுண்டு. எண்கோணம் 'நில்' என்பதற்கும், தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு' என்பதற்கும் தனித்து வைக்கப்பட்டன. பனியோ மழையோ எழுத்தை மறைப்பினும், தூசி படிந்து நிறம் மங்கினும், விளிம்பு தெரிந்தால் ஆணை தெரியும் என்பதே இதன் நுட்பம். வடிவத்தை அறிந்தான் பாதி வழியை அறிந்தான் எனலாம்.

எழுத்திலோ இடர் மிகுதி. நெடுஞ்சாலையில் வருவோன் ஒரு பலகையில் 'ஸ்ரீரங்கம்' என்று காண்கிறான். அவனை அழைத்த நண்பரோ 'திருவரங்கம் வருக' என்று எழுதியிருக்கிறார். ஒரு பலகை திருவானைக்காவல் என்கிறது; மற்றொன்று திருவானைக்கோவில் என்கிறது. நகரின் பெயர்தானும் திருச்சிராப்பள்ளி, திருச்சி, ஆங்கிலேயர் காலத்து டிரிச்சினாப்பள்ளி எனப் பலவாறாய் எழுதப்பட்டு வந்துள்ளது. 2020ஆம் ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிக்கு இசைய மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. 2017இல் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலப் பெயரை அழித்து இந்தியில் எழுதியபோது எழுந்த எதிர்ப்பும் பலர் நினைவிலிருக்கும். பலகை யாருக்காக என்னும் வினாவே இவற்றின் உள்ளீடு.

இனி, பலகையில் ஏறாத, ஊரார் நாவில் மட்டும் வாழும் குறிகள் சில உள. திருச்சிக் கோட்டையின் மதிலும் அகழியும் மறைந்து காலம் பல ஆயின; ஆயினும் 'மெயின்கார்டு கேட்' என்னும் வாயில் நிற்கின்றது, பெயரும் நிற்கின்றது. அகழி தூர்த்த இடத்தில் ஆங்கிலேயர் மரம் வைத்துச் சாலை அமைத்து, தம் மொழியில் 'பூலிவார்டு' என்றனர். நம்மவர் அதனை 'மேலப் புலிவார்டு ரோடு' என்றாக்கினர். சாலை என்னும் பொருள் இரு முறை வந்தும் வழி விளங்கவில்லை. புலி மட்டும் புகுந்துகொண்டது! கொள்ளிடத்திற்கு வடகரையில், சென்னைக்கும் இலால்குடிக்கும் முசிறிக்கும் வழி பிரியுமிடம் 'நெம்பர் ஒன் டோல்கேட்' எனப்படும். அங்கே சுங்கம் வாங்குவோர் இன்றில்லை, சுங்கச்சாவடி சமயபுரத்திலுள்ளது. தெற்கே 'டி.வி.எஸ். டோல்கேட்' என்பதும் இத்தகையதே. மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பின்னும் 'மைல்கல்' போகவில்லை. பொருள் போனாலும் பெயர் வழிகாட்டிக்கொண்டிருப்பது வியப்பே. ஆயினும், 'டோல்கேட்டில் இறங்குக' என்று கேட்ட புதியவர் சமயபுரத்துச் சுங்கச்சாவடியிலேயே இறங்கி நின்றால் அவர்மீது குற்றமில்லை.

பாலங்களிலோ குறியின் மெய்ப்பயன் தெள்ளிதின் விளங்கும். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவாதலின், பாலமின்றேல் திருவரங்கத்திற்கு வழியில்லை. கொள்ளிடத்தின் மேல் 1928இல் அமைந்த இரும்புப் பாலம் முதுமை எய்தியமையின், அருகே புதிய பாலம் கட்டப்பெற்று 2016இல் திறக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. பழுது கண்டு வழியடைத்திருந்தமையின் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஒரு தடுப்பும் ஒரு பலகையும் எத்துணைக் குடும்பங்களைக் காத்தன என்பதைக் கணக்கிட முடியுமோ? நேராத விபத்திற்குக் கணக்கேடு இல்லை. 1976ஆம் ஆண்டைச் சார்ந்த காவிரிப் பாலமும் 2022 செப்டம்பரிற் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அத்திங்கள்களிற் சுற்றி வந்து வகுப்பிற்குப் பிந்தியவர் பலர். பலகையை வைதவரும் பலர். அவர்கள் கொள்ளிடத்துத் தூண்களை ஒருகணம் நினைத்திருப்பின் வைதிருக்கமாட்டார். முடிவுறாத வேலையும் நம்மூரில் ஒரு குறியாக நின்றதுண்டு. ஜங்ஷன் மேம்பாலத்தின் ஒரு கிளை, ஓர் ஏக்கருக்கும் குறைந்த பாதுகாப்புத் துறை நிலம் கிடைக்காமையால் ஆண்டுக்கணக்காய் அந்தரத்தில் நின்று, 2023இல் நிலம் தொட்டது.

சாலையிற் செல்வோர் தமக்குள் பேசிக்கொள்ளும் குறிகள் இன்னும் விந்தையானவை. முன்விளக்கைச் சிமிட்டினால் நம் நாட்டிற் பெரும்பாலும் 'யான் வருகின்றேன், விலகுக' என்று பொருள். மேலைநாடுகள் சிலவற்றில் அதுவே 'நீர் முன்னே செல்க' என்று வழிவிடும் குறியாகும். பின்வருவோனை முந்தவிடும் லாரி ஓட்டுநருள் வலப்பக்க விளக்கைச் சிமிட்டுவார் சிலர், இடப்பக்க விளக்கைச் சிமிட்டுவார் சிலர். வலப்பக்க விளக்கிற்குத் 'திரும்புகின்றேன்' என்பதே சட்டப் பொருளாதலின், ஒன்றை மற்றொன்றாகக் கொண்டவன் கதி யாது? நாற்சந்தியில் நேரே செல்வதற்கு நான்கு விளக்கையும் ஒருங்கே சிமிட்டுவோரும் உளர். அவ்விளக்குகள் பழுதுற்று நிற்கும் வண்டிக்கு உரியவை. பக்கத்திலிருந்து காண்பவன் கண்ணுக்கு ஒருபுறத்து விளக்கே தெரிதலின், வண்டி திரும்பப்போகிறது என்றே எண்ணுவான்.

இவற்றிற்கு மாறாக, மிகப் பெரிய ஊர்தியை மிக ஒழுங்காய்ச் செலுத்தும் கலை திருவரங்கத்தில் உண்டு. சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் வரும் நாளில், வடம் பிடிப்போர் பலராயினும், திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை இடுவார் கையிலேயே உள்ளன. எந்தச் சக்கரத்தின் கீழ், எப்பக்கம், எக்கணத்தில் கட்டையை இடவேண்டும் என்பதை அவர்கள் அறிவர். அவர்கள் குரலுக்கு வடம் பிடிப்போர் அடங்குவர். ஒரு குறிக்கு ஒரு பொருளே அங்குண்டு. அத்துணைப் பெருந்தேர் குறுகிய வீதி முனையிலே இடறின்றித் திரும்புவதன் இரகசியம் அதுவே.

இவ்வளவும் கூறியது வேடிக்கைக்காக அன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தால் மாண்டோர் 1,68,491 பேர் என்று அரசின் அறிக்கை கூறுகிறது. அவருள் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் மாண்டவர். நாளொன்றுக்கு நம் மாநிலத்தில் ஏறக்குறைய 49 பேர். ஒரு வகுப்பறை நிறைந்த மாணாக்கர் தொகை. நம் நண்பர் ஒருவர் சில ஆண்டுகட்கு முன் இரவில் இருசக்கர வண்டியில் வந்தபோது, முதல்நாள் இல்லாத வேகத்தடையொன்று மறுநாள் முளைத்திருக்க, அதில் ஏறி வீழ்ந்து ஆறு வாரம் படுக்கையிற் கிடந்தார். வேகத்தடைக்கு அளவுண்டு: 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாய் மெல்லென ஏறி இறங்குதல் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் விதி; வண்ணக்கோடும் முன்னெச்சரிக்கைப் பலகையும் வேண்டும். அவரை வீழ்த்திய தடைக்கு அளவுமில்லை, கோடுமில்லை, பலகையுமில்லை. உயிர் காக்க இட்ட தடையே குறியின்மையால் உயிருக்குத் தடையாயிற்று.

குறி என்பது காணாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. அதனை நடுவோர் மெய்யாக நடவேண்டும், மாறியவிடத்து மாற்றவேண்டும். 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து நிலையம் திறந்தமையால் நகரின் வழிகள் பல மாறியுள்ளன. வரும் ஆண்டின் புதிய மாணாக்கர்க்குப் பழைய வழியையே நாம் கூறிவிடலாகாது. காண்போரும் அவ்வாக்கை மதித்தல் வேண்டும். சிவப்பு விளக்கைக் கடப்பவன் தன்னை நம்பி எதிர்ப்புறத்திற் புறப்படும் ஒருவனுக்குப் பொய் சொல்பவனாகிறான். நம் பழைய மாணவருட் பொறியாளரும் அதிகாரிகளுமாய் இருப்போர் பலகை நடும் பொறுப்புடையர். வண்டி ஓட்டும் ஏனையோமும் ஒவ்வொரு திருப்பத்திலும் கையாலும் விளக்காலும் ஒரு பலகை நட்டுக்கொண்டே செல்கின்றோம். சத்திரம் பேருந்து நிலையத்திற் பெட்டியுடன் நிற்கும் அவ்விளைஞர் நம்மிடம் வழி கேட்பாராயின், ஒரு நிமிடம் நின்று, அவருக்கு விளங்கும் பெயரால், மெய்யான வழியைக் கூறுவோமாக.