காற்புள்ளிக் கோப்புகளைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கோவிட்-19 தொற்று உறுதியானவர்களுள் 15,841 பேரின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போயிற்று. ஆய்வுக்கூடங்கள் அந்த விவரங்களை அனுப்பாமல் இல்லை. சாதாரண எழுத்துக் கோப்புகளாக அவை வந்து சேர்ந்திருந்தன. பெற்றுக்கொண்ட பொதுச் சுகாதார அமைப்பு, எக்செல் மென்பொருளின் பழைய வகைக் கோப்பில் அவற்றை ஏற்றியது. அந்த வகைக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டன. நோயாளிகளுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தாலும், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று.

ஒரு கோப்பிலிருந்து இன்னோர் இடத்திற்குத் தகவலை மாற்றுவது எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால், அதில் நேரும் தவறு மனிதர்களைப் பாதிக்கும் என்பதற்கு இதுவே சான்று.

எழுத்துக் கோப்பு என்றால் என்ன?

ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு ஓர் உறுப்பினர். எண், பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு ஆகியவற்றுக்கு இடையே ஒரு காற்புள்ளி. இதுதான் சிஎஸ்வி எனப்படும் கோப்பு. காற்புள்ளிக்குப் பதிலாக டேப் இடைவெளியோ செங்குத்துக் கோடோ பிரிப்பானாக இருக்கலாம். எந்தக் கணினியும் இதைப் படிக்கும் என்பதால் வங்கி, மருத்துவமனை, பள்ளி என எல்லா இடங்களிலும் இது புழங்குகிறது.

உறவுநிலைத் தரவுத்தளம் கட்டுப்பாடு மிக்கது. 1970ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் வகுத்த கோட்பாட்டின்மீது எழுந்தது அது. அதன் அட்டவணையில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பெயரும் ஒரு வகையும் உண்டு. இது எண், இது தேதி, இது எழுத்து என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எழுத்துக் கோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

சறுக்கும் இடங்கள்

முதலாவது, முகவரி. "எண் 12, ஜாலான் மெலாத்தி" என்று எழுதினால் நடுவில் ஒரு காற்புள்ளி வந்துவிடுகிறது. கணினி அதையும் பிரிப்பானாகக் கருதும். நான்கு நிரல்கள் ஐந்தாகி, அஞ்சல் குறியீட்டின் இடத்தில் தெருப்பெயர் வந்து உட்காரும். முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைப்பதே இதற்கு வழி. 2005ஆம் ஆண்டு வெளியான சிஎஸ்வி வரையறைக் குறிப்பும் இதையே சொல்கிறது.

இரண்டாவது, முன்னால் நிற்கும் பூஜ்யம். அலோர் ஸ்டாரின் அஞ்சல் குறியீடு 05000. அந்த நிரலை எண் வகையாக வைத்தால் 5000 என்றே பதிவாகும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் மலேசிய அடையாள அட்டை எண்ணுக்கும் இதே கதி நேரலாம். கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்களை எழுத்து வகையில் வைப்பதே முறை.

மூன்றாவது, தேதி. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-04-03 என எழுதினால் குழப்பமில்லை. கோப்பை முதலில் எக்செல்லில் திறந்து "சரிபார்ப்பதும்" ஆபத்தே. சில மரபணுக்களின் பெயரை எக்செல் தேதியாக மாற்றிவிட்டதால், அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்ததென்று 2020இல் மரபணுப் பெயரிடும் குழு அறிவித்தது.

நான்காவது, தமிழ் எழுத்து. திஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் சேமித்த பட்டியல்கள் இன்னும் பல சங்கங்களில் உள்ளன. அவற்றை அப்படியே ஏற்றினால் பெயர்கள் புரியாத குறிகளாகிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, அதே முறையைத் தரவுத்தளத்திடமும் குறிப்பிட வேண்டும்.

ஏற்றும் முறை

மை எஸ்கியூஎல் மென்பொருளில் "லோட் டேட்டா இன்ஃபைல்", போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் "காப்பி" ஆகிய கட்டளைகள் இதற்கென்றே உள்ளன. பிரிப்பான் எது, மேற்கோள் குறி எது, தலைப்பு வரியைத் தள்ள வேண்டுமா என்பவற்றைக் கட்டளையிலேயே சொல்லலாம். மை எஸ்கியூஎல்லில் வரி எப்படி முடிகிறது என்பதையும் சொல்லலாம். விண்டோசில் உருவான கோப்பில் வரி முடிவைத் தவறாகச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கடைசி நிரலில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டுக்கும் குணம் வேறு. போஸ்ட்கிரெஸ் பொதுவாக ஒரு வரி பழுதானாலும் முழு வேலையையும் நிறுத்திவிடும். மை எஸ்கியூஎல்லில் "லோக்கல்" என்ற சொல்லைச் சேர்த்து ஏற்றினால், பல பிழைகள் வெறும் எச்சரிக்கையாகிவிடும், வேலை தொடரும். எச்சரிக்கையைப் படிக்காதவர் எல்லாம் நலம் என்று நம்பிவிடுவார்.

ஆகவே, அனுபவசாலிகள் நேரடியாக மூல அட்டவணையில் ஏற்றுவதில்லை. எல்லா நிரல்களும் எழுத்து வகையாக உள்ள ஒரு தற்காலிக அட்டவணையில் முதலில் இறக்குவார்கள். அங்கே தேதிகளைச் சோதித்து, இரட்டிப்புப் பதிவுகளை நீக்கி, அதன்பிறகே மூல அட்டவணைக்கு மாற்றுவார்கள். அந்த மாற்றத்தையும் ஒரே பரிவர்த்தனையாகச் செய்தால், நடுவில் பிழை நேரும்போது பழைய நிலைக்கே திரும்பலாம்.

எண்ணிப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் மேலான பாதுகாப்புக்குச் செலவே இல்லை. கோப்பில் எத்தனை பதிவுகள், அட்டவணையில் எத்தனை பதிவுகள் என்று எண்ணி ஒப்பிடுவதுதான் அது. கட்டணத் தொகை இருந்தால் இரு பக்கத்துக் கூட்டுத்தொகையும் பொருந்த வேண்டும். வந்த கோப்பின் மூலப் பிரதியைக் கைவைக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் வந்த வரிகளையும் சேர்ந்த வரிகளையும் நாள்தோறும் ஒப்பிட்டிருந்தால், குறை முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். கோவில் நன்கொடையாளர் பட்டியலானாலும் தமிழ்ப்பள்ளி மாணவர் பட்டியலானாலும் விதி ஒன்றே: எண்ணிக்கை பொருந்தும்வரை வேலை முடியவில்லை.