மதராஸ் ஏன் சென்னை ஆகவில்லை?

"மாமா, இந்தக் கம்ப்யூட்டருக்குக் காதே கேக்கலை" என்று அலுத்துக்கொண்டாள் என் அக்கா மகள். எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். லீவில் ஜாவா கற்றுக்கொள்கிறாள்.

எட்டிப் பார்த்தேன். திரையில் மூன்றே வரிகள். முதல் வரியில் 'ஊர்' என்று ஒரு பெயர் வைத்து, அதற்கு "மதராஸ் மாநகரம்" என்று கொடுத்திருந்தாள். (ஆமாம், ஜாவாவில் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பல பேருக்கு இது தெரியாது.) இரண்டாவது வரி, ஊர்.ரீப்ளேஸ்("மதராஸ்", "சென்னை"). அதாவது மதராஸ் இருக்கும் இடத்தில் சென்னையைப் போடு. மூன்றாவது வரி, 'ஊர்' என்ன என்று திரையில் காட்டு.

ஓடவிட்டாள். 'மதராஸ் மாநகரம்' என்று வந்தது. மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் மதராஸ்.

"கவர்மென்டே 1996ல பேரை மாத்திடுச்சு. இது மாத்த மாட்டேங்குது."

வேடிக்கை என்னவென்றால், ஜாவாவின் முதல் பதிப்பு வெளியானதும் அதே 1996தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய மொழி அது. இந்தப் பிடிவாதம் அதற்குப் பிறவியிலேயே உண்டு.

கணினியில் எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைத்தால் அதற்கு ஸ்ட்ரிங் என்று பெயர். தமிழில் சரம் என்கிறோம். பூச்சரம் மாதிரி எழுத்துச் சரம். ஆனால் ஜாவாவின் சரம் ஒரு விஷயத்தில் பூச்சரத்தைவிடக் கறாரானது. பூச்சரத்திலாவது ஒரு முழம் கிள்ளி எடுக்கலாம், நுனியில் இன்னும் நாலு பூ சேர்த்துக் கட்டலாம். ஜாவாவில் ஒரு சரத்தைக் கட்டி முடித்துவிட்டால் முடிந்தது. ஓர் எழுத்தை எடுக்க முடியாது, சேர்க்க முடியாது, மாற்ற முடியாது.

"அப்போ ரீப்ளேஸ்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்காங்க?"

நல்ல கேள்வி. ரீப்ளேஸ் பழைய சரத்தைத் தொடவே தொடாது. அதைப் பார்த்து, "சென்னை மாநகரம்" என்று புதிதாக ஒரு சரம் கட்டி நம்மிடம் நீட்டும். இவள் அதைக் கை நீட்டி வாங்கவே இல்லை. 'ஊர்' என்ற சீட்டு இன்னும் பழைய சரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வரியின் தொடக்கத்தில் 'ஊர் =' என்று சேர்த்தால் போதும். சீட்டைப் பழைய சரத்திலிருந்து உரித்துப் புதிய சரத்தில் ஒட்டிவிடலாம். சேர்த்தாள். சென்னை வந்தது.

ஜாவா படிக்கத் தொடங்குகிறவர்களில் பாதிப் பேராவது இந்தக் குழியில் விழுந்திருப்பார்கள் என்பது என் அனுமானம். நான் விழுந்தேன். ஒரு மாலைப்பொழுது முழுக்க அதிலேயே கிடந்தேன்.

சரி, ஏன் இவ்வளவு கறார்? நிரலில் மேற்கோள் குறிக்குள் "சென்னை" என்று பத்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஜாவா பத்துச் சரம் கட்டாது. ஒன்றே ஒன்றைக் கட்டி 'ஸ்ட்ரிங் பூல்' என்ற பொது இடத்தில் வைத்துவிட்டு, பத்துச் சீட்டையும் அதன்மேலேயே ஒட்டும். இடம் மிச்சம். இப்போது அதில் ஒருவர் மட்டும் 'சென்னை'யைத் திருத்தி 'திண்ணை' ஆக்க முடிந்தால் என்ன ஆகும்? மற்ற ஒன்பது பேருடைய ஊரும் அவர்களுக்கே தெரியாமல் திண்ணை ஆகிவிடும்! யாராலும் மாற்ற முடியாது என்ற உறுதி இருப்பதால்தான் எல்லாரும் பயமில்லாமல் ஒன்றையே பகிர்ந்துகொள்ள முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கோப்பைத் திறக்கலாமா என்று நிரல் அதன் பெயரைச் சரிபார்க்கிறது. சரிபார்த்த பிறகு, திறப்பதற்கு முன்னால், அந்த இடைவெளியில் யாராவது பெயரை மாற்றிவிட்டால்? வாசலில் காவலாளியிடம் ஓர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனதும் வேறு ஆளாக மாறுகிற கதைதான். மாறாத சரத்தில் அந்தத் தில்லுமுல்லு நடக்காது.

ஆனால் கறாராக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. நான் அவளிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். "ஒரு எழுத்து எழுது. இப்போ அதோட இன்னொண்ணு சேர்க்கணும். ஆனா பழசைத் தொடக்கூடாது."

'க' எழுதினாள். அதன் கீழே புது வரியில் 'கக' எழுதினாள். அதற்கும் கீழே 'ககக'. ஏழாவது வரியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆயிரம் வரைக்கும் போனா?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆயிரம் வரை கூட்டிப் பார்த்தோம். மொத்தம் 5,00,500 எழுத்துகள் எழுத வேண்டும். கையில் மிஞ்சுவதோ ஆயிரம் எழுத்துள்ள ஒரே ஒரு சரம். மற்ற 999 சரங்களும் குப்பை. அவற்றை அள்ள ஜாவாவுக்குள்ளேயே ஒரு 'கார்பேஜ் கலெக்டர்' இருக்கிறது. ஆனாலும் அள்ளுவதும் வேலைதானே!

இதற்குத்தான் ஸ்ட்ரிங் பில்டர். 2004இல் வந்த ஜாவா 5இல் சேர்த்தார்கள். (அதற்கு முன்பே ஸ்ட்ரிங் பஃபர் என்று ஓர் அண்ணன் இருந்தது. பல வேலைகள் ஒரே நேரத்தில் அதைத் தொட்டாலும் குழப்பம் வராமல் ஒவ்வொரு தடவையும் பூட்டித் திறக்கும். தம்பிக்கு அந்தப் பூட்டு இல்லை, அதனால் வேகம் கூடுதல்.) ஸ்ட்ரிங் பில்டர் கட்டி முடித்த சரம் இல்லை, கட்டும் பலகை. எடுத்த எடுப்பில் 16 எழுத்துக்கு இடம் வைத்திருக்கும். 'அப்பெண்ட்' என்று சொன்னால் காலி இடத்தில் எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். இடம் நிரம்பினால் இரு மடங்கோடு இரண்டு சேர்த்துப் பெரிய இடம் பிடித்து, இருப்பதை அங்கே பெயர்த்து எழுதும். 16, 34, 70, 142, 286, 574, 1150. ஆயிரம் எழுத்தை எட்டுவதற்குள் ஆறு தடவைதான் வீடு மாற்றுகிறது. அந்த ஆறு தடவையும் பெயர்த்து எழுதியவை மொத்தம் 1,122 எழுத்துகள். ஐந்து லட்சம் எங்கே, இது எங்கே!

அதற்காக இரண்டு சொல்லை ஒட்டுவதற்கெல்லாம் பில்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கூட்டல் குறியே போதும். சுற்றிச் சுற்றி நூறு தடவை ஒட்டும்போதுதான் அது வேண்டும்.

பில்டருக்கு இன்னொரு வித்தையும் தெரியும். 'ரிவர்ஸ்' என்றால் எழுத்துகளைத் திருப்பிப் போடும். அவளுக்கு உடனே விகடகவி ஞாபகம் வந்துவிட்டது. திருப்பிப் படித்தாலும் விகடகவிதானே! திருப்பி, சரமாக்கி, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். 'இல்லை' என்றது கணினி.

திரையில் காட்டச் சொன்னால் ஒரே அலங்கோலம். முதலில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன் தலையில் 'வி'யின் மேல் இருக்குமே அந்த வளைவு மட்டும். பிறகு வ, க, ட. அப்புறம் 'கி'. கடைசியில் வெறும் 'வ'.

இந்த 'கி' எங்கிருந்து முளைத்தது? நமக்கு 'வி' ஓர் எழுத்து. ஜாவாவுக்கு அது இரண்டு: 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று. விகடகவியில் நாம் ஐந்து எண்ணுகிறோம், அது ஏழு எண்ணுகிறது. அந்த ஏழையும் அப்படியே தலைகீழாக்கினால் கடைசி 'வி'யின் குறி முன்னால் வந்து அநாதையாக நிற்கிறது. முதல் 'வி'யின் குறியோ பக்கத்தில் இருந்த 'க'வின் தலையில் ஏறிக்கொள்கிறது.

அரை மணி நேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்து வருவது உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டி ஒரு துண்டாக்கு. பிறகு துண்டு துண்டாகத் திருப்பு. வி, க, ட, க, வி. 'ஆம்' என்று வந்ததும் ஒரு துள்ளல். உடனே 'மோரு போருமோ' என்று போட்டாள்.

'இல்லை.'

"நடுவுல இடைவெளி இருக்குல்ல? திருப்பினா அது இடம் மாறிடும்" என்றேன்.

"அது தெரியும் மாமா. இடைவெளியை எடுக்கத்தான் ரீப்ளேஸ் போட்டிருக்கேனே, இங்க பாருங்க" என்று விரலை அந்த வரியில் வைத்தாள். வைத்த விரல் அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. வரியின் தொடக்கத்துக்குப் போய் 'சொல் =' என்று தட்டினாள்.