சுமை கொட்டும் வண்டிகள்

சித்தூரிலிருந்து பெங்களூரை நோக்கிச் செல்லும் சாலை மொகிலி மலைப்பாதையில் ஏறிப் பலமனேர் மேட்டுநிலத்தை அடைகின்றது. சித்தூர் கடல்மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 330 மீட்டரிலும், பலமனேர் 680 மீட்டரிலும் அமைந்துள்ளன. ஏறும்போது எஞ்சினுக்கு உழைப்பு மிகுதி. ஆயினும் கருங்கல் ஏற்றிய டிப்பர் லாரிக்கு உண்மையான சோதனை இறங்கும்போதுதான். இவ்வகை வண்டிகளின் வளர்ச்சியைச் சுமையின் அளவைக் கொண்டே கூறுவது வழக்கம். கொட்டுவது எங்ஙனம், நிறுத்துவது எங்ஙனம் என்னும் வினாக்களும் அதே அளவு முக்கியமானவை.

கொட்டும் முறை நமக்குப் புதியதன்று. எருவேற்றிய வண்டியின் மாடுகளை அவிழ்த்து நுகத்தடியை உயர்த்தினால், வண்டி அச்சின்மேல் சாய்ந்து எரு பின்புறம் சரிகின்றது. லாரியின் சுமையை இவ்வாறு கையால் சாய்த்தல் இயலாது. முதலில் பற்சக்கரங்களும் திருகுகளும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் அழுத்தம் அவ்வேலையை ஏற்றது. எஞ்சினால் இயங்கும் பம்பு, உருளையினுள் எண்ணெயைச் செலுத்தி உந்துதண்டை உயர்த்துகின்றது. பாஸ்கல் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது. உந்துதண்டின் விட்டம் 15 சென்டிமீட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோகிராம் எனக் கொண்டால், தூக்கும் விசை 26 டன்னுக்கு மேலாகும்.

சாலைக்கன்றிச் சுரங்கத்திற்கும் அணைப்பணிக்குமே உரிய வண்டியை 1934இல் அமெரிக்காவின் யூக்ளிட் நிறுவனம் அமைத்தது. அதன் சுமை 11 டன். 1957இல் ரால்ப் கிரெஸ் வடிவமைத்த ஹால்பாக் வண்டியில் பெட்டியின் அடிப்புறம் குழிந்து அமைந்தமையால் பளுவின் மையம் தாழ்ந்தது. வில்தகடுகளுக்கு மாறாக வாயுவும் எண்ணெயும் அடைத்த உருளைகள் அதிர்ச்சியைத் தாங்கின. 2013இல் பெலாரஸ் நாட்டின் பெலாஸ் தொழிற்சாலை 450 டன் சுமக்கும் வண்டியைச் செய்தது.

பலமனேருக்கு மேற்கே மாநில எல்லையைக் கடந்தால் கோலார் தங்கவயல். 1964இல் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் புல்டோசர்களும் மண் அள்ளும் எந்திரங்களும் அங்கே உருவாகின்றன. டம்பர்களுக்கென மைசூரில் 1984இல் அந்நிறுவனம் தொழிற்சாலை நிறுவியது. 205 டன் சுமக்கும், மின்மோட்டாரால் இயங்கும் வண்டியும் அதன் படைப்பே.

இனி இறக்கத்திற்கு வருவோம். மொத்த எடை 28 டன் உள்ள டிப்பர் பலமனேரிலிருந்து சித்தூர் மட்டத்திற்கு 350 மீட்டர் இறங்குங்கால் இழக்கும் நிலையாற்றல் 9.6 கோடி ஜூல். 30 பாகை வெப்பமுள்ள 325 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றும் சாலையும் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சிய வெப்பத்தைப் பிரேக்குகள் மட்டுமே தாங்க நேர்ந்தால் அவை காய்ந்து பிடிப்பிழக்கும். எரிபொருள் மிச்சமாகுமென்று நியூட்ரலில் இறங்குவோர் இச்சுமை முழுவதையும் பிரேக்கின்மீதே ஏற்றுகின்றனர். ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் ஓட்டுநர் வழக்கு, எஞ்சினையே தடையாக்கும் அறிவுடைய வழக்காகும். பெருவண்டிகளில் பிரேக் தட்டுகள் எண்ணெயில் மூழ்கிக் குளிர்கின்றன. மின்வண்டிகளிலோ இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறுகின்றது. அம்மின்சாரம் மின்தடைக் கம்பிகளில் வெப்பமாகி வெளியேறுகின்றது.

கொட்டும் இடத்திலும் இடர் உண்டு. ஈரக் களிமண் பெட்டியில் ஒட்டிக்கொண்டால், பெட்டி உயர உயரப் பளுவின் மையமும் உயரும். அப்போது ஒருபுறச் சக்கரம் சற்றே புதைந்தாலும் வண்டி கவிழலாம். ஆகவே சமதரையில் நிறுத்திய பின்னரே பெட்டியை உயர்த்துதல் வேண்டும். ஒட்டிய மண்ணை வண்டியைக் குலுக்கி உதிர்க்க முயலலாகாது. சரிவின் விளிம்பில், பெரிய வண்டியின் அச்சு உயரத்திற்கேனும் மண்வரம்பு இருத்தல் வேண்டும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் கொட்டுதல் கூடாது. உயர்ந்த பெட்டி கம்பியைத் தொட்டுவிட்டால், மின்சாரம் நிறுத்தப்படும்வரை ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும். தரையில் நிற்போர் வண்டியை நெருங்கலாகாது. பழுது பார்ப்போர், இரும்பு முட்டுக் கொடாமல் உயர்ந்த பெட்டியின்கீழ்த் தலையை நீட்டுதலும் தகாது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால், பெட்டி விழுவதற்குச் சில நொடிகளே ஆகும்.