இரண்டு நாள் லீவு, ஒரு தூண்டில்: எந்த ஏரி?

திருவனந்தபுரத்தைச் சுற்றித் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. தூண்டில் போடத் தகுந்த தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

வரைபடத்தைப் பார்த்தால் திருவனந்தபுரம் தூண்டில்காரர்களின் சொர்க்கம். மேற்கே அரபிக்கடல். கரையையொட்டி வேளி, கடினங்குளம், அஞ்சுதெங்கு என வரிசையாகக் காயல்கள். தெற்கே வெள்ளாயணி ஏரி. கிழக்கே மலையடிவாரத்தில் நெய்யாறு, பேப்பாறை அணைகள். சனி, ஞாயிறு விடுமுறையில் தூண்டிலும் கையுமாகக் கிளம்ப இவ்வளவு வசதி வேறெந்த நகரத்துக்கும் எளிதில் வாய்க்காது. ஆனால் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டுதான்.

ஏரியைத் தேர்ந்தெடுக்கும் முன் மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்றொரு மீன் உண்டு. பாசிக்குள் பதுங்கியிருந்து இரை மீது பாயும் ரகம். பத்தாயிரம் முறை வீசினால் ஒரு முறை சிக்கும் என்று அங்குள்ளவர்கள் கேலியாகச் சொல்வார்கள். நம் நன்னீரில் அதே சுபாவம் கொண்டது விரால். மலையாளிகளுக்கு வரால். தாமரை இலைகளுக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் அசையாமல் கிடக்கும். தவளை குதித்தால் பாயும். காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும் என்பதால் நீர்ப்பரப்பைக் கூர்ந்து கவனிப்பவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். உப்பும் நன்னீரும் கலக்கும் காயல்களில் கதையே வேறு. அங்கே 2010-ல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட கரிமீன், கொடுவா, செம்பல்லி.

முதலில் அடிபடுவது மலையடிவாரம். நெய்யாறும் பேப்பாறையும் அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் இரண்டு அணைகளின் நீர்த்தேக்கங்களும் வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் இருக்கின்றன. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே தூண்டில் வீசுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. நெய்யாற்றில் முதலைகளும் உண்டு. முதலைகளை வளர்க்கும் மையம் அங்கே 1977-லேயே தொடங்கப்பட்டது. நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட முதலைகள் பின்னர் கரையோர மக்களைத் தாக்கிய சம்பவங்கள் பெரும் சர்ச்சையாயின. தண்ணீர் விளிம்பில் மணிக்கணக்காகக் குந்தியிருக்க அது இடமல்ல. அருவிக்கரையோ நகரத்தின் குடிநீர் ஆதாரம்.

அடுத்தது வேளியும் ஆக்குளமும். நகரத்துக்கு மிக அருகில் இருப்பதே இவற்றின் சாபம். நகரத்தின் கழிவைச் சுமந்துவரும் ஆமையிழஞ்சான் தோடு வந்து சேர்வது ஆக்குளத்தில்தான். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் இதே தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தபோது, அதில் எவ்வளவு குப்பை தேங்கியிருக்கிறது என்பதை நாடே பார்த்தது. வேளியில் மணல்திட்டு கடலை மறித்து நிற்கும். பொழி திறக்கும்போதுதான் காயல் மூச்சுவிடும். படகுச் சவாரிக்கும் கானாயி குஞ்ஞிராமனின் சிற்பங்களுக்கும் வேளிக்குப் போகலாம். சாப்பிடுவதற்கு மீன் பிடிக்க வேண்டாம்.

வடக்கே கடினங்குளம் காயலுக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. கயிறு திரிக்கத் தேங்காய் மட்டைகளைக் காயலோரம் மாதக்கணக்கில் ஊறப்போடுவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில். மட்டை அழுகும்போது வெளியேறும் வாயுவும் பிராணவாயுக் குறைவும் அந்தப் பகுதிகளில் மீன்களை விரட்டிவிடும். மட்டைக் குழிகளிலிருந்து விலகி, நீரோட்டம் உள்ள இடங்களில் கரிமீனுக்குக் காத்திருக்கலாம். காயல் கடலைச் சந்திக்கும் முதலப்பொழியில் கொடுவா ஆசையில் நிற்பவர்கள், மழைக்காலத்தில் அங்கே படகு கவிழ்ந்து இறந்த மீனவர்களை நினைவில் வைப்பது நல்லது. தொழிலே கடலாகக் கொண்டவர்களுக்கே பிடிபடாத அலை அது.

ஆக, குறுகிய பயணத்துக்கு மிஞ்சுவது வெள்ளாயணி. நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். மாவட்டத்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. தாமரை பூத்த ஓரங்கள், புஞ்சக்கரி வயல்கள், கரையில் வேளாண் கல்லூரி. விராலுக்குப் பிடித்த எல்லாம் இங்கே உண்டு. காலை வெயில் ஏறும் முன்பும், மாலை சாயும் நேரமும் உகந்தவை.

ஆனால் இந்த ஏரியும் சுருங்கித்தான் வந்திருக்கிறது. உணவுப் பஞ்சக் காலத்தில் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்து ஏரிப் படுகையில் நெல் விளைவித்தார்கள். அந்த வழக்கம் பின்னர் கைவிடப்பட்டாலும் ஆக்கிரமிப்பும் களைகளும் தொடர்ந்தன. சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் கொடுப்பதும் இதே ஏரிதான். உள்நாட்டு மீனவர்களுக்கு வலை வீசி அன்றாடம் பிழைக்கும் இடமும் இதுதான். வார இறுதி விருந்தாளிக்கு மீன் சிக்காவிட்டால் ஒரு மாலைப் பொழுதுதான் நஷ்டம். அவர்களுக்கு ஒரு நாள் சோறு.

எனவே சில கட்டுப்பாடுகள். ஜூன் மழையில் மீன்கள் முட்டையிட வயல்களுக்கும் ஓடைகளுக்கும் ஏறி வருவதை மலையாளிகள் 'ஊத்த' என்பார்கள். அப்போது அவற்றைப் பிடிப்பது கேரளச் சட்டப்படி குற்றம். தண்ணீர் மேல் செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால் அடியில் தாய், தந்தை விரால்கள் காவல் இருக்கின்றன என்று அர்த்தம். அங்கே ரப்பர் தவளையை வீசினால் பெற்ற மீன் ஆவேசமாகக் கவ்வும். எளிதான வெற்றிதான். ஆனால் பெற்றவை போனால் குஞ்சுகள் சில மணி நேரத்தில் மற்ற மீன்களுக்கு இரை. அந்த இடத்தைத் தாண்டிப் போவதே தூண்டில்காரருக்கு மரியாதை.

எதைக் கொண்டுபோகலாம்? கேரள நீர்நிலைகளில் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டையையும், 2000-ல் மத்திய அரசு வளர்க்கத் தடை விதித்தும் அடங்காத ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் தாராளமாக. சினை விராலையும் சின்ன விராலையும் கை நனைத்துப் பிடித்து, முள்ளை மெதுவாகக் கழற்றி, திரும்ப விடலாம். கிளம்பும் முன் மீன்வளத்துறையின் உள்ளூர் அலுவலகத்தில் விதிகளைக் கேட்டுக்கொள்வதும், கரையில் இருக்கும் மீனவரிடம் அவர் வலை கிடக்கும் இடத்தை விசாரிப்பதும் அரை மணி நேர வேலை. அறுந்த நைலான் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ள அந்த நேரம்கூட ஆகாது. புஞ்சக்கரிக்கு வரும் கொக்குகளின் காலில் அது சுற்றிக்கொள்ளாமல் இருக்கும்.